எல்லாருக்கும் ஒரே கையுறை

கையுறையைப் பார்த்தாலே எனக்கு இன்றும் குமட்டிக்கொண்டு வருகிறது. மருந்துக் கடையில் அட்டைப் பெட்டிக்குள் இருப்பது, பைக் ஓட்டுகிறவர்கள் பெங்களூரு குளிருக்கு மாட்டிக்கொள்வது, எதுவானாலும் சரி, முகத்தைத் திருப்பிக்கொள்வேன். காரணம் மூன்று. பொம்மனஹள்ளியில் நான் வேலை பார்த்த பட்டறை, அந்தப் பட்டறையின் பாதுகாப்பு அதிகாரி, அப்புறம் நான்.

பட்டறை ஒன்றும் பெரிய கம்பெனி இல்லை. ஓசூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி, இரண்டு பிரியாணிக் கடையும் ஒரு பெண்கள் ஹாஸ்டலும் தாண்டினால் தகரக் கூரை போட்ட ஒரு கட்டடம். லிஃப்டுக்குள் பொருத்துகிற இரும்பு பிராக்கெட்டுகளை அங்கே வெட்டி, மடித்து, துளை போட்டு அனுப்புவோம். துளை போடும் வரிசையில் ஐந்து டிரில்லிங் மெஷின்கள், ஐந்திலும் பெண்கள். நான் அந்த வரிசைக்கு லைன் லீடர். கிருஷ்ணகிரியிலிருந்து வந்து ஏழு வருடம் மெஷினில் நின்ற பிறகு அந்தப் பதவியைக் கொடுத்தார்கள். பதவியோடு கிடைத்தது ஒரு நீலக் கோட்டும் ஒரு வாட்ஸ்அப் குழுவும்தான்.

டிரில்லிங் மெஷின் பார்க்க சாதுவான மெஷின். மேலே மோட்டார், கீழே மேசை, நடுவில் சுற்றுகிற பிட். பக்கத்தில் இருக்கும் கைப்பிடியை இழுத்தால் பிட் இறங்கித் துளை போடும். யாருக்கும் பயம் வராது. அதுதான் அதன் ஆபத்து. இரும்பை மேசையோடு இறுக்கிப் பிடிக்க வேண்டும். கையால் பிடித்தால் பிட் கடிக்கும்போது இரும்பே விசிறி மாதிரி சுற்றி மணிக்கட்டில் அடிக்கும். துளை விழ வேண்டிய இடத்தில் முதலில் பஞ்ச் என்கிற கூர் முனை உளியால் ஒரு புள்ளி குத்த வேண்டும். இல்லாவிட்டால் பிட் வழுக்கிக்கொண்டு தன் இஷ்டத்துக்குப் போகும். துளையிலிருந்து வரும் இரும்புச் சுருளைப் பிரஷ்ஷால்தான் தள்ள வேண்டும், அதுவும் மெஷின் முழுசாக நின்ற பிறகு. தலைமுடி, துப்பட்டா, வளையல், கோயில் கயிறு என்று தொங்குகிற எதுவும் அதன் பக்கத்தில் போகக் கூடாது. கையுறை கூடவே கூடாது. அதன் ஒரு நூல் பிட்டில் மாட்டினால் போதும், பின்னாலேயே விரலும் போகும்.

இதெல்லாம் எங்கள் ஐந்து பெண்களுக்கும் தெரியும். முதல் மெஷினில் நின்ற அக்காவுக்கு எங்கள் எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். ஆற்காட்டுப் பக்கத்துக்காரி, என்னைவிட நான்கு வயது மூத்தவள். துளை போட்டதும் வலது ஆள்காட்டி விரலை அதன் விளிம்பில் ஒரு சுற்று சுற்றுவாள். "பிசிரு இருக்குது", "பிட்டு மழுங்கிப் போச்சு", "கால் மில்லி தள்ளிப் போய்க்கீது" என்பாள். அளவுக் கருவியை வைத்துப் பார்த்தால் அவள் சொன்னதுதான் இருக்கும். அவள் இருந்தது ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கிற காண்ட்ராக்டில். வீட்டில் வேறு யாருக்கும் சம்பளம் கிடையாது. அந்த விரலை வைத்துத்தான் அந்தக் குடும்பம் ஓடியது என்று சொன்னால் அது மிகையில்லை.

பாதுகாப்பு அதிகாரி மல்லேஸ்வரத்துக்காரர். மூன்று தலைமுறையாக அங்கேயே இருக்கிற தமிழ்க் குடும்பம். சட்டையில் மடிப்புக் கலையாது. பட்டறைத் தரையில் மஞ்சள் கோடு ஒன்று போட்டிருக்கும். ஷூவில் எண்ணெய் ஒட்டிவிடும் என்று அந்தக் கோட்டைத் தாண்ட மாட்டார். கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே எங்களைப் பாதுகாத்தார். லிஃப்ட் கம்பெனியிலிருந்து ஆடிட் வருகிறது என்றதும் ஒரு மூட்டை பருத்திக் கையுறையை இறக்கி, எல்லாருக்கும் கொடு என்றார்.

"சார், தகடு தூக்கறவங்களுக்கு வேணும், சரி. டிரில்லிங்ல கிளவுஸ் போடக் கூடாது சார். நூலு மாட்டுச்சுன்னா கையையே இழுத்துக்கும்."

"அம்மா, செக்லிஸ்ட்ல ஒரே ஒரு கட்டம்தான் இருக்கு. ஷாப் ஃப்ளோர், கிளவுஸ், எஸ் ஆர் நோ. உங்க அஞ்சு பேருக்காக நான் 'நோ' போட முடியுமா? ஆடிட் முடியற வரைக்கும் ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

தலையாட்டினேன். ஐந்து ஜோடியையும் நானே என் கையால் கொடுத்தேன்.

ஆடிட்டர் வந்தார். எங்கள் வரிசையில் மூன்று நிமிடம் நின்றார். கையுறைகளைப் பார்த்தார், கீழே ஓடுகிற பிட்டைப் பார்க்கவில்லை. 'எஸ்' போட்டுவிட்டுத் தோசை சாப்பிடப் போனார். இதோடு தொலைந்தது என்று நினைத்தேன். மறுநாள் புது உத்தரவு வந்தது. தினமும் காலை ஒன்பது மணிக்கு எல்லாரும் கையுறையோடு நிற்கும் போட்டோவை லைன் லீடர் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். போட்டேன். போட்டோ எடுத்ததும் பெண்கள் கையுறையைக் கழற்றி டிபன் பையில் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அதிகாரி எல்லாப் போட்டோவுக்கும் கட்டைவிரல் காட்டுவார். இப்படி ஒரு கண்துடைப்பை இரண்டு வாரம் நடத்தினோம். அதில் எனக்கு ஒரு சாமர்த்தியக்காரி என்ற நினைப்பு வேறு. நினைத்தால் என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அப்புறம் யாரோ போட்டுக் கொடுத்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அதிகாரி தரையின் மஞ்சள் கோட்டோரம் வந்து நின்றுகொண்டார், போகவில்லை. ஐந்து பேரும் கையுறையைத் தேடி எடுத்து மாட்டினார்கள். அக்கா என்னைப் பார்த்தாள். கழற்றச் சொல்லியிருக்க வேண்டும். அல்லது வரிசையையே நிறுத்தியிருக்க வேண்டும், லைன் லீடருக்கு அந்த உரிமை உண்டு. நான் கையில் இருந்த உற்பத்திக் கணக்குப் பேப்பரைப் பார்த்தேன்.

அன்றைக்கு ஒவ்வொரு துளையும் கோணலாகத்தான் விழுந்தது. இரும்பு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று கையுறைக்குள் இருக்கும் விரலுக்கு எப்படித் தெரியும்? அக்கா எரிச்சலோடுதான் வேலை செய்தாள். எட்டு வருடமாகப் பிரஷ் இல்லாமல் சுருளைத் தொடாதவள் அவள். கையுறை இருக்கிறதே என்ற தைரியமோ, அதிகாரி பார்க்கிறார் என்ற பதற்றமோ தெரியாது, பிட்டைச் சுற்றிக்கொண்ட சுருளை ஒரு விரலால் தட்டிவிடப் போனாள். மெஷினை அணைத்திருந்தாள், ஆனால் பிட் இன்னும் முழுசாக நிற்கவில்லை. நூல் மாட்டியது. அவள் கத்தக்கூட இல்லை, "ஐயோ கையி" என்று மெதுவாகத்தான் சொன்னாள். நான் ஓடிப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வலது ஆள்காட்டி விரலின் நுனிக் கணு போய்விட்டது.

அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, மத்தியானம் திரும்பினேன். தரையைப் பினாயில் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். மெஷினுக்குத் திருஷ்டி என்று எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி இரண்டு பக்கமும் வைத்திருந்தார்கள். கட்டிங் செக்‌ஷனில் இருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்து அக்கா இடத்தில் நிறுத்தி மெஷினையும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணின் கையிலும் கையுறை. நான் பாத்ரூமுக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

மறுநாள் அதிகாரி ஒரு அறிக்கையை நீட்டினார். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்லச் சொன்னேன். காரணம்: தொழிலாளியின் கவனக்குறைவு. கையுறை: அணிந்திருந்தார். சாட்சி என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். கவனக்குறைவு என்று எழுதிவிட்டால் காண்ட்ராக்ட் புதுப்பிக்க மாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"கவனக்குறைவு இல்ல சார். கிளவுஸ்தான் காரணம். நம்பலன்னா இங்க வாங்க, காட்டறேன்."

முதலாளியும் எட்டிப் பார்க்க வந்தார். நான் ஒரு பருத்திக் கையுறைக்குள் வேஸ்ட் துணியைத் திணித்து, துடைப்பக் கட்டையின் முனையில் கட்டினேன். எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு மெஷினைப் போட்டு, கையுறை விரலின் நுனியைச் சுற்றுகிற பிட்டில் லேசாகத் தொடவிட்டேன். கண் சிமிட்டுவதற்குள் கையுறை முழுசும் பிட்டில் சுற்றிக்கொண்டது. கட்டை என் கையிலிருந்து பிடுங்கப்பட்டு மேசையில் அடித்து விழுந்தது. கையுறை கிழிந்து, அதன் ஒரு துண்டும் வேஸ்ட் துணியும் பறந்து அதிகாரியின் ஷூ மேல் விழுந்தன. அவர் துள்ளிப் பின்னால் போனார். நான் மெஷினை அணைத்தேன். இனி யாருக்கும் விளக்க வேண்டியதில்லை என்று நான் நினைத்தேன்.

அதிகாரி குனிந்து, கிழிந்த கையுறைத் துண்டை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"பாத்தீங்களா சார், கிளவுஸ் குவாலிட்டியே சரியில்லை. சப்ளையரை மாத்தணும்."

முதலாளி ஆமாம் என்று தலையாட்டினார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அதிகாரி என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தரமில்லாத கிளவுஸ்னு மாத்தி எழுதிடறேம்மா. அவங்க மேல தப்பு வராது, வேலையும் போகாது. சும்மா எதுக்கு இழுக்கறீங்க? கையெழுத்துப் போட்டுடுங்க."

பொய் என்று தெரிந்துதான் போட்டேன். அக்கா வேலை தப்பித்ததே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அடுத்த வாரம் புதுக் கையுறை வந்தது. தடித்த தோல், முன்னதைவிட நீளம், பிட் பிடித்தால் கிழியக்கூடக் கிழியாது. இனி கட்டாயம் என்று நோட்டீஸும் ஒட்டினார்கள்.

ஒன்றரை மாதம் கழித்து அக்கா வந்தாள். பேக்கிங்கில் போட்டிருந்தார்கள். அங்கே போவதற்கு முன்னால் எங்கள் வரிசைக்கு வந்தாள். நான் ஓடிப் போய் அவள் தோளைப் பிடித்தேன். நல்ல சேதியை நானே சொல்ல வேண்டும் என்ற ஆசை எனக்கு.

"உம்மேல தப்பு இல்லன்னு எழுத வெச்சிட்டேன்க்கா. கிளவுஸ் சரியில்லன்னு எழுதிட்டாங்க."

"நீ கையெழுத்துப் போட்டியா?"

"போட்டேன். இல்லன்னா உன் வேலை போயிருக்கும்."

அவள் வரிசையைப் பார்த்தாள். ஐந்து மெஷின்களிலும் தோல் கையுறைகள் வேலை செய்துகொண்டிருந்தன. தன்னுடைய மெஷினில் நின்ற பெண்ணை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அவ வெரலு போச்சுன்னா, அப்ப இன்னாத்து மேல தப்புன்னு எழுதுவ?"

சண்டை போடும் குரலில் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவள் போலத்தான் கேட்டாள். கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண் மெஷினை அணைத்தாள். பிட் முழுசாக நிற்கும்வரை காத்திருந்தாள். பிறகு கையுறை இரண்டையும் கழற்றிக் கொண்டுவந்து என் கையில் திணித்துவிட்டுப் போனாள். அவளுக்குப் பின்னால் மற்ற நான்கு பேரும் தங்கள் கையுறைகளைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தியும் என் முகத்தைப் பார்க்கவில்லை.