மேட்டுக்கு அந்தப்பக்கம் கிணறு

வேலூருக்குத் தெற்கே புது ரயில் பாதைக்கு முளை அடித்துக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். ஒரு முளை சரியாக முனிரத்தினத்தின் கிணற்று விளிம்பிலேயே இறங்கியது. அவனுடைய அப்பன் பாறையை உடைத்து வெட்டிய கிணறு, கோடையிலும் வற்றாது. அதிலிருந்து மாடு பூட்டித் தோல் சாலில் இறைத்துத்தான், மேற்கே இருந்த நிலத்தில் அவன் கத்தரியும் கேழ்வரகும் போட்டுவந்தான்.

கிணறு போகப் போகிறது என்றதும் அவனுக்கு மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. ஓவர்சியர் கோதண்டராமன் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"சாமி, நெலத்துல எவ்ளோ வேணும்னாலும் எடுத்துக்கங்க. கெணத்த மட்டும் வுட்டுடுங்க!"

கோதண்டராமன் இளகிய மனசுக்காரர். வந்த வினையே அதுதான். வெள்ளைக்காரத் துரையிடம் பேசி, பாதையைக் கொஞ்சம் மேற்கே தள்ளிப் போடவைத்தார். முனிரத்தினம் புது முளைக்கு மஞ்சள் பூசித் தேங்காய் உடைத்தான். அவன் மனைவி கெங்கம்மாள் பொங்கல் வைத்துக் கூலியாட்களுக்கெல்லாம் கொடுத்தாள்.

காட்பாடிப் பக்கம் ரயில் ஓடுவதை அவன் பார்த்திருக்கிறான். அது தரையோடு தரையாகத்தான் ஓடியது. இங்கே மட்டும் ஆள் உயரத்துக்கு மேல் மண் ஏறும் என்று யார் கண்டார்கள்? கூடை கூடையாகக் கொட்டினார்கள். கிணற்றுக்கும் நிலத்துக்கும் நடுவே மேடு எழுந்துவிட்டது. முனிரத்தினம் மாட்டைப் பூட்டி இறைத்துப் பார்த்தான். தண்ணீர் பழகிய வாய்க்காலில் ஓடி, மேட்டடியில் முட்டித் தேங்கி நின்றது. அந்தப்பக்கம் கத்தரி வாடிக்கொண்டிருந்தது.

ஓவர்சியரிடம் ஓடினான். "அடியில ஒரு கொழா வச்சிக் குடுங்க சாமி."

"பிளான்ல இல்லியேப்பா. போட்ட மேட்ட இனிமே தோண்ட வுடமாட்டாங்க. தண்ணி நின்னா மண்ணு கரையும், நீ எறைக்கவே கூடாது." கோதண்டராமன் சங்கடத்தோடு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நீ கேட்டேன்னுதானே கெணத்த வுட்டோம்?"

கோபப்படக்கூட வழியில்லாதபடி உதவி செய்திருந்தார்களே, பாவிகள்!

கெங்கம்மாள் குடத்தில் மொண்டு மேடேறி இறங்கிப் பார்த்தாள். ரயில் ஓடத் தொடங்கியதும் காவலாள் அவளையும் விரட்டினான். வெறுங்குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் வெடித்தாள்.

"கெணத்த எடுத்திருந்தா அதுக்குக் காசாவது குடுத்திருப்பான். நம்ம நெலத்திலியே வேற ஒண்ணு வெட்டியிருக்கலாம். நீதான் போயி கால்ல வுயுந்தியே!"

அவள் சொன்னது அத்தனையும் உண்மை.

முனிரத்தினம் மாட்டை விற்றான். ஆம்பூரில் ஒரு தோல்ஷாப்பில், தோல் ஊறப்போடும் தொட்டிகளுக்குத் தண்ணீர் இறைக்கும் வேலை கிடைத்தது. பழகிய வேலைதான், மாடும் கிணறும் மட்டும் முதலாளியுடையவை.

தீபாவளிக்கு ஊர் திரும்பியபோது, வேறு வழியில்லாமல் அந்த ரயிலிலேயே வந்தான். எதிரே ஜியாவுதீன் என்ற தோல் வியாபாரி உட்கார்ந்திருந்தார். ஊர் நெருங்க, வண்டி மேட்டின்மேல் ஓடியது. தரையில் நின்றால் கிணற்றடியிலிருந்து நிலம் தெரியாது, நிலத்திலிருந்து கிணறு தெரியாது. வண்டியிலிருந்து பார்க்க இரண்டும் ஒருசேரத் தெரிந்தன.

ஜியாவுதீன் இந்த ஜன்னலையும் அந்த ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னாப்பா இது அநியாயம்! அந்தாண்ட கெணறு நெறையத் தண்ணி, இந்தாண்ட நெலம் தரிசாக் கெடக்குது. எவன்பா அந்தச் சோம்பேறி?"

முனிரத்தினம் தலையைக் குனிந்துகொண்டான்.

"தெரிலீங்க பாய்" என்றான்.