பத்தடி தூரத்தில் ஒரு டிக்கெட்

கைப்பேசியை மேசைமேல் குப்புறக் கவிழ்த்து, "இந்த விலைக்கு நமக்கு ஆகாது" என்று அதற்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு, அவர் கடை வாசலை நோக்கி நடக்கிறார். எண்ணித்தான் நடக்கிறார். மூன்றாவது அடியில் கால் ஒடிந்த சோபா. ஆறாவதில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி வைத்த பள்ளிக்கூட பெஞ்சுகள். ஒன்பதாவதில் யாரோ வீடு மாறும்போது விற்றுவிட்டுப் போன தொட்டில். பத்தாவது அடி வாசற்படி. அங்கே நின்று, தெருவை வேடிக்கை பார்ப்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்கிறார். உண்மையில் அவர் பார்ப்பது வாசலோரம் நிற்கும் அலங்கார மேசையின் கண்ணாடியை. அதில் பின்னால் கவிழ்ந்து கிடக்கும் கைப்பேசி தெரியும். அது தன்னைக் கூப்பிடுகிறதா என்று பார்க்கிறார்.

கூப்பிடாது. அதில் திறந்திருப்பது விமான டிக்கெட் விலையைக் காட்டும் செயலி. இருந்தாலும் ஒரு நிமிடம் நிற்பார். பிறகு, மறந்துவைத்த குடையை எடுக்க வந்தவர்போல் அலட்சியமாகத் திரும்பிப் போய் அதை நிமிர்த்துவார்.

வீட்டைக் காலி செய்கிறவர்களிடமும் ஆள் போய்விட்ட வீடுகளிலும் பழைய மரச்சாமான் வாங்கி, தேய்த்து, மெழுகு போட்டு விற்பது அவர் தொழில். முப்பத்தோரு வருடமாகச் செய்கிறார். கடைத்தெருவில் அவருக்குப் 'பத்தடி' என்று பெயர். தேக்கு அலமாரியை வாங்கப் போனால் அதன் பக்கமே திரும்ப மாட்டார். மூலையில் கிடக்கும் முக்காலியை எடுத்து உதறி, "இது என்ன விலை?" என்பார். விலை கேட்டுவிட்டு வருத்தமாகத் தலையை ஆட்டுவார். போகிற போக்கில், "அது அலமாரியா? பூச்சி விழுந்திருக்குமே" என்பார். சொன்ன விலையைக் கேட்டதும் நடையைக் கட்டுவார். பத்தடிக்குள் வீட்டுக்காரர் கூப்பிட்டுவிடுவார். பேரம் படிந்ததும் காதில் செருகியிருக்கும் சாக்கட்டியை எடுத்து, அலமாரியின் அடிப்பலகையில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போடுவார். வண்டி வருவதற்குள் பொருளை மாற்றிவிடக் கூடாது என்பதற்காக. இன்றுவரை யாரும் மாற்றியதில்லை. அவரும் குறி போடாமல் விட்டதில்லை.

வாங்கிய மேசைகளின் இழுப்பறைகளில் ஏதாவது கிடக்கும். உடைந்த மூக்குக்கண்ணாடி, பாதி தீர்ந்த மாத்திரை அட்டை, யாருடைய கையெழுத்திலோ சாமான் பட்டியல். அவற்றைத் தகரப் பெட்டியில் போட்டு, எந்த வீட்டுடையது என்று எழுதி வைத்திருக்கிறார். எப்போதாவது ஒருவர் வந்து கேட்பார். அந்தப் பெட்டிக்கு மட்டும் பேரம் கிடையாது.

எதையும் பிடித்திருக்கிறது என்று சொல்ல அவருக்கு வராது. அவர் மனைவி இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்: "என்னைக் கேட்டு எங்க வீட்டுக்கு வந்தப்பவும் யோசிச்சுச் சொல்றேன்னு எந்திரிச்சு வெளிய போனாரு. எங்கப்பா கூப்பிடவே இல்லை. பத்தடி போய்ப் பாத்துட்டு இவராத்தான் திரும்பி வந்தாரு."

இப்படிப்பட்டவர் கடல் கடந்து அக்காவைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது.

அக்காவுக்கு அறுபத்தெட்டு வயது. கணவர் காலமானபின் வெளிநாட்டில் இருக்கும் மகளோடு போய்த் தங்கிவிட்டவர். ஒரு வருடமாக ஞாபகம் கழன்றுகொண்டே வருகிறது. முதலில் சாவி வைத்த இடம் மறந்தது. பிறகு தெருவின் பெயர். பிறகு ஒருநாள், "உங்கப்பா இன்னும் வேலைலேர்ந்து வரலையா?" என்று மகளிடம் கேட்டார். மகள் மாமனுக்குப் போன் செய்தாள். "மாமா, உங்க பேரைச் சொன்னா இப்பவும் முகம் தெளியுது. என் பேருக்கே சில நாள் யோசிக்கிறாங்க. எத்தனை நாளைக்கு இப்படி இருக்கும்னு டாக்டராலயும் சொல்ல முடியலை. சீக்கிரம் வாங்க."

பாஸ்போர்ட், விசா எல்லாம் முடிந்துவிட்டன. டிக்கெட் ஒன்றுதான் பாக்கி.

முதல்நாள் ஐம்பத்தெட்டாயிரம் காட்டியது. அவர் வழக்கப்படி வாசல்வரை நடந்துபோய் வந்தார். ஐம்பத்து நாலாயிரத்துத் தொள்ளாயிரம். அவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் மூவாயிரத்து நூறு குறைந்ததை அவர் கண்ணால் பார்த்துவிட்டார். இனி உலகமே திரண்டு வந்து சொன்னாலும் அவர் மனத்தை மாற்ற முடியாது.

"பாத்தியா? கூப்பிட்டுட்டான்" என்றார் மனைவியிடம்.

"அப்ப வாங்கிற வேண்டியதுதானே?"

"முதல் கூப்பாட்டுக்கே திரும்பினா நம்ம ஆசை தெரிஞ்சுரும்."

மறுநாள் எழுபத்தோராயிரம். அவர் அசரவில்லை. விற்பவன் வீம்பு பிடிக்கிறான் என்று எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து முக்காலி வித்தையைத் தொடங்கினார். தனக்கு ஒரு ஈ காக்கை தெரியாத பனி ஊர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தினமும் அதற்கு விலை கேட்டார். "இதுக்கா இவ்வளவு?" என்று கைப்பேசியின் முகத்துக்கு நேரே உச்சுக்கொட்டினார். பிறகுதான், விரல் தவறிப் பட்டதுபோல் அக்கா ஊருக்கு விலை பார்த்தார். அறுபத்து நாலு. நாற்பத்தொன்பது. அறுபத்தேழு. நாற்பத்தொன்பது வந்த அன்று அவர் கைப்பேசியைச் சட்டென்று கவிழ்த்தார். நாற்பத்தைந்துக்கு முடித்துவிடலாம் என்று நடந்தார். திரும்பி வந்தபோது அறுபத்திரண்டு.

இதற்குள் பனி ஊர்க்காரன் அவர் பின்னாலேயே வரத் தொடங்கியிருந்தான். கைப்பேசியை எந்தப் பக்கம் திருப்பினாலும் விளம்பரம். பனிச்சறுக்கு, கம்பளிக் கோட்டு, பாதி விலை, கால் விலை. "அங்கேயே போயிருவோமா?" என்றார் மனைவி. "உங்க அக்காவையும் அங்க வரச் சொல்லிடலாம்." மறைவாகத் தன் கைப்பேசியில் பார்க்கலாமா என்றும் கேட்டார். அதற்கும் அவர் ஒப்பவில்லை. "ரெண்டும் ஒரே வீட்டுல, ஒரே பிளக்குல கிடக்குது. ராத்திரி பேசிக்காதா?"

அந்த வீட்டில் புதுச் சட்டம் வந்தது. கைப்பேசி இருக்கும் அறையில் அக்கா பேச்சை எடுக்கக் கூடாது. பெட்டி, துணிமணி என்று சொல்லக் கூடாது. எடுக்கத்தான் வேண்டுமென்றால், கைப்பேசியைத் துண்டில் சுற்றி அரிசி டப்பாவுக்குள் வைத்த பிறகு எடுக்கலாம்.

இரண்டு கடை தள்ளி டிக்கெட் போட்டுக் கொடுக்கும் பெண் இருக்கிறாள். அவளிடமும் போய் உட்கார்ந்தார். "கடைசி விலை சொல்லும்மா."

"அண்ணே, இது நான் வைக்கிற விலை இல்லை. ஒரு விலைக்கு நாலஞ்சு சீட்டுதான் வச்சிருப்பாங்க. அது வித்துட்டா அடுத்த விலை. யாராவது ரத்து பண்ணா மறுபடி இறங்கும். நீங்க எந்திரிச்சுப் போறது அவங்களுக்குத் தெரியவே தெரியாது."

"முதல்ல எல்லாரும் இப்படித்தாம்மா சொல்லுவாங்க."

"பள்ளிக்கூட லீவு வருது. ஏறத்தான் செய்யும். நல்ல விலை கண்ணுல பட்டா போட்டுருங்க. அதைவிட நல்லது வரும்னு நிக்காதீங்க."

அவர் எழுந்து நடந்தார். அவள் கூப்பிடவில்லை. அவளுக்கு வியாபாரம் தெரியவில்லை என்று முடிவு செய்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை அக்கா பேசுவார். அதே கைப்பேசியில்தான். "எப்பப்பா வர்றே?" என்று கேட்டார் அக்கா. அன்று காலையில்தான் விலை ஐம்பத்து மூன்றுக்கு வந்து, இறங்கும் முகமாக நின்றது. இந்த நேரத்தில் வாயை விடலாமா? அவர் குரலை உயர்த்தி, நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: "எனக்கு எங்கக்கா நேரம்? கடையை யார் பாக்குறது? அங்க வந்து நான் என்ன செய்யப்போறேன்?" சொல்லிக்கொண்டே திரையைப் பார்த்துக் கண்ணடித்தார். ஒருதரம் போதாதென்று மூன்றுதரம் அடித்தார். அக்காவுக்குப் புரியாமல் போகாது. அந்தக் காலத்தில் கடைத்தெருவில், "வாடா போலாம், இவரு தரமாட்டாரு" என்று தம்பியின் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தவரே அவர்தான். வீட்டுக்கு எது வாங்கி வந்தாலும் முதலில், "எவ்வளவுக்கு முடிச்ச?" என்பார். எவ்வளவு சொன்னாலும், "கூடக் குடுத்துட்ட" என்பார்.

ஆனால் முகம் பார்த்துப் பேசும் அழைப்பானாலும் அக்கா கைப்பேசியைக் காதில் ஒட்டிக்கொண்டுதான் பேசுவார். மகள் எத்தனை முறை சொல்லியும் மாறவில்லை. இந்தப் பக்கம் திரை முழுக்கத் தெரிந்தது ஒரு காதும் தோடும்தான். பத்தடி மூன்றுதரம் கண்ணடித்தது அந்தக் காதைப் பார்த்து.

அடுத்த ஞாயிறு, "அம்மா தூங்குறாங்க மாமா" என்றாள் மகள். அதற்கடுத்த ஞாயிறும் அதே. விலை அறுபதுக்கும் எழுபதுக்கும் இடையே ஊஞ்சலாடியது. அவர் தினமும் நடந்தார். ஒரு நாளைக்கு நாற்பது முறை வாசலுக்குப் போய்வந்ததில் முழங்கால் வலியெடுத்தது. மருந்து தடவிக்கொண்டு நடந்தார்.

மூன்றாவது ஞாயிறு அக்கா பேசினார். சாப்பிட்டாயா என்று கேட்டதற்கு, தெரியவில்லை என்றார். என்ன கிழமை என்றதற்கும் தெரியவில்லை. பிறகு தானாகவே தெளிவாகச் சொன்னார்: "நீதான் வரமாட்டேன்னியே. அங்க வந்து நான் என்ன செய்யப்போறேன்னு கேட்டியே."

மகள் கைப்பேசியை வாங்கி அடுத்த அறைக்குப் போனாள். "மாமா, தூங்குறாங்கன்னு நான் சொன்னது பொய். உங்ககிட்டப் பேச மாட்டேன்னுட்டாங்க. காலைல எழுந்தா முதல் பேச்சே, தம்பி வரலையாம். மத்ததெல்லாம் அஞ்சு நிமிஷம் நிக்க மாட்டேங்குது. இது மட்டும் போக மாட்டேங்குது. நிஜமாவே அப்படிச் சொன்னீங்களா?"

கைப்பேசி கேட்டுக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். துண்டு பக்கத்திலேயே கிடந்தது. எடுக்கவில்லை. "சொன்னேம்மா" என்றார்.

மறுநாள் காலை டிக்கெட் பெண் கதவைத் திறக்கும்போதே வாசலில் நின்றார். அவள் கணினியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "எண்பத்து மூணு அண்ணே. நான் பாத்ததுலயே இதுதான் உச்சம். லீவு முடியட்டும். அடுத்த மாசம் பத்தாம் தேதிக்கு மேல போனீங்கன்னா பாதிக்கும் கீழே கிடைக்கும்."

"நாளான்னைக்குப் போடு."

"அண்ணே, நானே சொல்றேன். வேணாம். ஒரு பத்து நாள் பொறுங்க."

"போடும்மா."

அவள் தட்டச்சுப் பலகையில் கை வைக்காமல் வாசலைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "எந்திரிச்சுப் போகலையா?"

"முழங்கால் வலிக்குது" என்றார்.

பணத்தை எண்ணி வைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அக்காவுக்குப் போன் போட்டார். காதும் தோடும் திரையில் வந்தன. "அக்கா, நான் வர்றேன். டிக்கெட் வாங்கிட்டேன். உன்னைப் பாக்கணும்னுதான் வர்றேன். வேற வேலையே இல்லை." இதை இரண்டு முறை சொன்னார். இரண்டாவது முறை கடைக்கு வெளியே கேட்டிருக்கும்.

திரையில் தோடு மட்டும் ஆடியது. யாரென்று தேடுகிறாரோ என்று நினைத்தார்.

"எவ்வளவுக்கு முடிச்ச?" என்றார் அக்கா.

அவர் டிக்கெட் பெண்ணைப் பார்த்தார். அவள் கணினியில் ஏதோ தேடுவதுபோல் குனிந்துகொண்டாள்.

"முப்பத்தெட்டு."

"கூடக் குடுத்துட்ட. பத்தடி நடந்திருந்தா கூப்பிட்டிருப்பான்."

"ஆமாக்கா. ஏமாந்துட்டேன்."

"வா. வந்ததும் பேசிக்கிறேன்."

அச்சிட்ட டிக்கெட்டை அந்தப் பெண் நீட்டினாள். அவர் தேதியைப் பார்க்கவில்லை, பெயரைச் சரிபார்க்கவில்லை. தாளைத் திருப்பி மேசைமேல் வைத்தார். காதிலிருந்த சாக்கட்டியை எடுத்து, மூலையில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டார். வழவழத்த தாளில் சாக்கட்டி சரியாகப் பிடிக்கவில்லை. நுனியை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, அதே இடத்தில் அழுத்தி இன்னொரு முறை போட்டார்.