இல்லாதவர்கள் எழுதிய பதில்

அறுபதுகளில் மட்டக்களப்பில் நான் லிகிதராக எழுத்துவேலை பார்த்த அரசாங்கக் கந்தோருக்கு ஆண்டுதோறும் ஒரு கேள்விக்கொத்து வரும். பல நாடுகள் கூடும் ஏதோவொரு பெரிய சபை கொழும்பைக் கேட்கும். கொழும்பு எங்களைக் கேட்கும். 'உங்கள் பகுதியில் ஆதிக்குடிகள் உண்டா? தங்களைப் பற்றிய முடிவுகளில் அவர்களுக்குப் பேச்சு உண்டா?' முதலாவதற்கு 'இல்லை' என்று எழுதினால், மீதி எல்லாவற்றுக்கும் 'பொருந்தாது' என்று ஒரே கோடாக இழுத்துவிடலாம். எனக்கு முன்னிருந்தவர் அப்படித்தான் இழுத்தார். நானும் நாலு வருடம் இழுத்தேன்.

ஐந்தாம் வருடம், அந்த இல்லாதவர்களில் ஒருவர் ஓட்டமாவடியில் பஸ் ஏறி வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார். வாழைச்சேனைக்கு வடக்கே, ஆற்றங்கரைக் காட்டில் இருக்கும் வேடர். கையில் இன்னொரு கந்தோரின் அறிவித்தல். அவ்விடத்து வேடர் எல்லோரும் ஒரு மாதத்தில் இடத்தை விட்டு எழும்பவேண்டுமாம். வாசித்துக் காட்டினேன்.

"எங்க போறதாம், ஐயா?"

"அது எழுதல்ல."

எனக்கு ஒரு தந்திரம் தோன்றியது. "பெரியவர், நாங்க உங்கள இல்ல எண்டுதான் எழுதி வச்சிரிக்கம். இல்லாத ஆக்கள எப்படி எழுப்புற? அத வச்சே மறிப்பம்."

"நான் இல்லாட்டி, ஐயா இப்ப தனியவா கதைக்கிறீங்க? பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார்.

"இரிக்கிறம் எண்டு எழுதுங்க. எழுப்பினாலும் இரிக்கிற ஆக்களாத்தான் எழும்புவம்."

அந்த வருடப் படிவத்தை எடுத்து 'உண்டு' என்று எழுதினேன். கடைசியில், 'அம்மக்களின் சொந்தக் கருத்து' என்று இரண்டு அங்குல இடம்.

அவர் தொண்டையைச் செருமினார். "நாங்க சுகமா இரிக்கிறம். எங்கள எழும்பச் சொல்லுறாங்க. நாங்க எழும்பமாட்டம். மறுகா, நீங்க எல்லாரும் சுகமா? பதில் போடுங்க."

"படிவத்தில நாம கேள்வி கேக்கிறல்ல, பெரியவர். அவங்கதான் கேக்கிற."

"சுகம் விசாரிக்காம ஒரு கடிதமா? நல்ல பழக்கந்தான்!"

அவர் சொன்னபடியே எழுதினேன். பிரதம லிகிதர் அந்தக் கேள்வியை வெட்டப் பேனாவைத் திறந்தார். கருத்தை ஒரு சொல்லும் மாற்றாமல் அனுப்பவேண்டும் என்று கொழும்பிலிருந்து வந்த சுற்றுநிருபத்தை அவர் முன்னால் வைத்தேன். பேனாவை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கே உறைத்தது: கேள்வி கேட்டுப் போன கடிதத்தின் கோப்பை, பதில் வராமல் மூட முடியாது. மூடாத கோப்பின் மேல் வேறெவரும் நடவடிக்கை எடுக்கவும் முடியாது. அன்றே மற்றக் கந்தோருக்கு எழுதினேன்: 'இவ்விடயம் வெளிநாட்டுச் சபையின் பதிலை எதிர்பார்த்து நிலுவையில் உள்ளது.' அறிவித்தல் அலுமாரிக்குள் போனது.

மூன்று மாதத்துக்கொருமுறை முறைப்படி நினைவூட்டல் அனுப்பினேன், யாராவது 'சுகம்' என்று எழுதித் தொலைத்துவிடுவார்களோ என்ற பயத்தோடு. ஒருவரும் எழுதவில்லை.

பெரியவர் ஒவ்வொரு வருடமும் வந்து விசாரிப்பார்.

"பதில் வந்ததா, ஐயா?"

"இன்னும் இல்ல."

"பாவம், ஆருக்கு என்ன வருத்தமோ, காய்ச்சலோ" என்று கவலைப்பட்டுவிட்டு, ஆற்றங்கரைக்குத் திரும்ப பஸ் பிடிக்கப் போவார்.