பாலத்தில் பறந்த சிவப்புத் திரை

ஐரோப்பாவில் யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முந்திய ஆனி மாதம். திருநெல்வேலி டவுணில் இருந்த கூட்டுக்குடும்பத்தை விட்டு, ரயில் நிலையத்தை அடுத்துப் புதிதாக உண்டான ஒரு தெருவில் மனைவியோடும் இரண்டு பெண்களோடும் குடியேறியிருந்தேன். மொத்தம் பதினான்கு வீடுகள். சர்க்கார் கச்சேரி குமாஸ்தாக்கள், வாத்தியார்கள், ரயில்வே சிப்பந்திகள். எல்லாருக்கும் சொந்தபந்தம் வேறு ஊர்களில். ஆகவே பிள்ளை வளர்ப்பதைத் தெருவே சேர்ந்து செய்தது. ஒரு வீட்டுக் குழந்தைக்கு வயிற்றுவலி என்றால் அடுத்த வீட்டில் மருந்து உரசுவார்கள்.

நான் வக்கீல் குமாஸ்தா. சென்னைப் பத்திரிகை ஒன்றுக்கு ஜில்லாச் செய்திகளும் எழுதி அனுப்பி வந்தேன். பெண் கல்வி அவசியம் என்று நான் எழுதிய இரண்டு கட்டுரைகள் அதில் வெளிவந்திருந்தன.

எங்கள் தெருப் பெண்கள் ஆறு பேர் ஆற்றுக்கு அக்கரையில், பாளையங்கோட்டைப் பக்கம் இருந்த பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். பத்து வயது தாண்டிய பெண் வீதியில் நடந்து போவது எங்களவர்களிடம் வழக்கமில்லை. அதனால் ஒரு கூண்டு வண்டி அமர்த்தியிருந்தோம். முன்னும் பின்னும் கனத்த சிவப்புத் திரை. தகப்பன்மார் இருவர் முறைவைத்து வண்டிக்குப் பின்னால் நடந்து போவோம்.

என் மூத்த மகளுக்குப் பதினொரு வயது. குடும்பத்துக்குப் பெரியவரான என் அண்ணன் அவள் படிப்பை நிறுத்தச் சொல்லிக்கொண்டிருந்தார். "எழுதப் படிக்கத் தெரிஞ்சாச்சுல்லா. இனி வீட்டோட இருக்கட்டும்லே" என்பார். கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். அந்த வருஷப் பரீட்சையில் தேறினால் இன்னும் மூன்று வருஷம் படிக்கலாம். தவறினால் அன்றோடு சரி. பரீட்சை நடத்த இன்ஸ்பெக்டர் அம்மாள் வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் வருவாள். அன்று வராத பெண் தேறாத பெண்.

அந்த நாளில் வண்டிக்குப் பின்னால் நடக்கும் முறை எனக்கும் பக்கத்து வீட்டுக் கோர்ட்டு குமாஸ்தாவுக்கும். பாலத்தை நெருங்கும்போது கடையாணி கழன்று இடது சக்கரம் தனியே உருண்டது. வண்டி சாய்ந்து நின்றது. யாருக்கும் அடியில்லை.

"திரும்பிருவோம் வே" என்றார் குமாஸ்தா. ஸ்டேஷனில் நின்ற குதிரை வண்டிகளில் திரை கிடையாது. என் மகள் சிலேட்டுப் பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அழவில்லை.

அப்போது எனக்கு ஒரு யோசனை உதித்தது. இரண்டு திரைகளையும் அவிழ்த்தோம். நான் முன்னாலும் அவர் பின்னாலும் ஆளுக்கு ஒன்றாகக் கைகளை அகல விரித்துப் பிடித்துக்கொண்டு, பெண்களை நடுவில் விட்டுப் பாலத்தில் ஏறினோம்.

பெண்களுக்கு முன்னால் இருப்பது தெரியவில்லை. ஒருத்தி கால் இடறி விழப் பார்த்தாள். எங்கள் நடை நத்தை நடை. கச்சேரிக்குப் போகும் நேரமாதலால் பாலம் நிறைய ஜனம். கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்த ஒருவன், "ஏலே, சப்பரம் வருதுலே, வழி விடுங்க" என்றான். "உள்ள எந்தச் சாமி வே?" என்றான் இன்னொருவன். நாலு பேர் கூடவே நடந்து வரத் தொடங்கினார்கள்.

தயிர்ப்பானையைத் தலையில் வைத்து எதிரே வந்த ஒரு பெண் நின்றாள். "ஐயா, எதுக்கு இந்தப் பாடு? நாங்க தெனமும் இந்தப் பாலத்துலதான் நடக்கோம். எங்களை யாரு பாக்கா? உங்க துணியைப் பாத்துல்லா கூட்டம் நிக்கி" என்றாள். நான் காதில் விழாதவன்போல் நடந்தேன்.

பாலத்தின் நடுவில் ஆனிக் காற்று பலமாக அடித்தது. அது என் தலைப்பாகையைத் தூக்கியது. ஆயிரம் பேர் பார்க்க வெறுந்தலையோடு நிற்பதா? சட்டென்று ஒரு கையை எடுத்துத் தலையைப் பிடித்தேன். மறு கையிலிருந்த திரை விடுபட்டுச் சுவரைத் தாண்டிப் பறந்து தாமிரபரணியில் விழுந்தது.

கூட்டம் முழுவதும் சுவரோரம் ஓடித் துணி மிதந்து போவதை வேடிக்கை பார்த்தது. பெண்களை யாரும் பார்க்கவில்லை.

"அப்பா, முதல் மணி அடிச்சாச்சு" என்றாள் என் மகள். பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். பின்னால் ஐந்து பேரும் ஓடினார்கள். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். நான் தலையைப் பிடித்தபடி பின்னால் ஓடினேன். கடைசிப் பெண் வாசலுக்குள் நுழையவும் இரண்டாவது மணி அடிக்கவும் சரியாக இருந்தது.

பிற்பகலில் முடிவு வாசித்தார்கள். ஆறு பேரும் தேறினார்கள். கணக்கில் என் மகள் முதல்.

சாயங்காலம் சக்கரம் மாட்டிய வண்டி பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றது. பெண்கள் ஏறவில்லை. அவர்கள் முன்னால் பேசிச் சிரித்துக்கொண்டு நடக்க, வெறும் வண்டி பின்னால் வந்தது. பதினான்கு வீட்டு வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். செய்தி எங்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.

"திரை எங்க?" என்றாள் என் மனைவி.

"ஒண்ணு ஆத்தோட போச்சு."

"ஒண்ணுதான் போச்சா?" என்றாள். குமாஸ்தா கக்கத்தில் இடுக்கி வந்த மற்றதை வாங்கி, மறுநாளே வெட்டி ஆறு பேருக்கும் புத்தகப் பை தைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். "தலைப்பாகை பத்திரமாலே?" என்று மட்டும் கேட்டார். கொடுத்த வாக்கை மீறவில்லை. அதற்குப் பிறகு எங்கள் தெருவுக்கு வண்டி தேவைப்படவில்லை. மறு வருஷம் என் இளைய மகளும் மிச்சத் துணியில் தைத்த சிவப்புப் பையோடு நடந்தாள். மூத்தவள் பின்னாளில் அதே பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா ஆனாள்.

பெண் கல்வியைப் பற்றி அப்புறமும் பல கட்டுரைகள் எழுதினேன். ஆனால் அதற்காக நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம், என் தலைப்பாகையைக் காப்பாற்றிக்கொள்ளத் திரையைக் கைவிட்டதுதான் என்பதை, அந்தப் பாலத்தில் காற்றடிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.