ஓட்டைக்குள் விரல் விட்டவர்

அடுப்புக்குக் காஸ் கிடைக்காத நாட்கள் அவை, பிள்ளைகளே. உங்கள் அத்தையின் கல்யாணத்துக்கு நானே இஞ்சி பியர் காய்ச்சித் தருவதாகச் சொல்லியிருந்தேன். தண்ணீரைக் கொதிக்கவைக்கும் கரண்ட் கொயில் பூட்டலாம் என்று, பெரிய அலுமினியப் பானையின் பக்கத்தில், நடு உயரத்தில் ஓட்டை போட்டு, கெலிஓயா டவுனில் கொயில் விற்கும் ஒரு கடைக்குத் தூக்கிப் போனேன்.

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார். எதையும் விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் பேசினார். ஓட்டைக்குள்ளும் விரலை விட்டார்.

"பானைக்குத் தொப்புளா வெச்சீங்க, தம்பி?" என்று சிரித்தார். "கொயில் அடியில ஈக்கணும். இவ்வளவு மேல பூட்டினா, தண்ணி வத்தினதும் எரிஞ்சு போகும்."

"நாளன்னைக்குக் கல்யாணம், நானா. வேற பானை இல்லீங்க," என்று அண்ணனிடம்போல் கெஞ்சினேன்.

அவர் சிரிப்பு நின்றது. விரலை மட்டும் எடுக்கவில்லை. கொயில் தர மாட்டேன் என்றார்; விற்றிருந்தால் நான் வாங்கியிருப்பேன். அந்த ஓட்டையைத் தானே போட்டவர்போல அவர் ஏன் தலை குனிந்தார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.