மோசல் கரையில் ஒரு ‘வேண்டாம்’

மோசல் ஆற்றங்கரையில் சைக்கிள் ஓட்ட வேண்டும் என்பது என் ஆசை. கீழ் வீட்டு அக்காவுக்கு அந்த ஆசை துளியும் கிடையாது. அவர் கிளம்பியது மகளைப் பார்க்க. ரயில் நகர்ந்த பிறகுதான் அதை என்னிடம் சொன்னார்.

டுசல்டோர்ஃபில் நான் மூன்றாவது மாடி, அவர் இரண்டாவது. நான் திருச்சிக்காரி. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்தே முதுகு போனவள். அவர் யாழ்ப்பாணம். முப்பது வருஷமாக இந்த நாட்டில் இருக்கிறார், ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. செப்டம்பரில் லீவு போட்டு, ட்ரியரிலிருந்து ஆற்றோடு கோப்லென்ஸ் வரை சைக்கிளில் போகப்போகிறேன் என்று மாடிப்படியில் வைத்து உளறிவிட்டேன்.

“நானும் வாறன் தங்கச்சி. டாக்குத்தரும் சுகருக்குச் சைக்கிள் ஓடச் சொன்னவர்” என்றார்.

எனக்குத் தனியாகப் போகத்தான் இஷ்டம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

ரயிலில் என் சைக்கிளைப் பிடித்தபடி நிற்கும்போது விஷயம் வெளியே வந்தது. மகள் போன வருஷம் மோசல் கரை ஊர் ஒன்றில், திராட்சைத் தோட்டம் வைத்து வைன் தயாரிக்கும் குடும்பத்துப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஜெர்மன் பையன். கல்யாணத்துக்கு முன்பே, இனி இந்தப் பக்கம் வராதே என்று அப்பா சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் அவள் அம்மாவை மட்டும் கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருக்கிறாள்.

“ஒருக்காத்தான் கேட்டவள். ஏலாது பிள்ளை எண்டு சொன்னனான். திருப்பிக் கேப்பாள் எண்டு போனைக் கையிலையே வச்சுக்கொண்டு இருந்தனான். சீலையும் எடுத்து வச்சிட்டன். அவள் கேக்கேல்லை.”

“நீங்களே ஒரு போன் போட்டு, வரேன்னு சொல்லியிருக்கலாமே அக்கா?”

“தாய் நான் போய்க் கெஞ்சுறதே?”

அதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. இப்போது முன்கூட்டிச் சொல்லாமல் போய் நிற்கப்போகிறார். அவள் வா என்பாளா, முகத்தைத் திருப்பிக்கொள்வாளா என்பது அவருக்கே தெரியவில்லை. வீட்டுக்காரருக்குச் சொன்னதெல்லாம் சைக்கிளும் சுகரும்தான். அந்தப் பொய்க்கு நானும் உடந்தை ஆகிவிட்டேன். எரிச்சலாக இருந்தது. நாலு நாள் யாரோடும் பேசாமல் ஓட்டலாம் என்று வந்தவளுக்கு இது தேவையா?

ட்ரியரில் அக்கா பேட்டரி சைக்கிள் ஒன்றை வாடகைக்கு எடுத்தார். என்னுடையது மிதித்தால்தான் நகரும். மேடு வந்தால் அவர் சேலைக் கடைக்குள் நுழைகிற மாதிரி நிதானமாக ஏறிப் போவார், நான் நாக்குத் தள்ளிக்கொண்டு பின்னால் வருவேன். “தங்கச்சி, நீர் ஆறுதலாய் வாரும்” என்று மேலிருந்து குரல் வரும். கடுப்பை அடக்கிக்கொண்டு மிதித்தேன்.

பாதை பெரும்பாலும் சமதளம், ஆற்றை ஒட்டியே போகும். இரண்டு பக்கமும் செங்குத்தான மலை, மலை முழுக்கத் திராட்சைக் கொடி. கொடிகளுக்கு நடுவே கருநிறப் பலகைக்கல் சில்லு. அதில் மனிதர்கள் ஒரு காலை மேலும் ஒரு காலைக் கீழும் ஊன்றிக் குலை வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஆறு ஏகத்துக்கும் வளைகிறது. காலையில் தாண்டிப்போன தேவாலயக் கோபுரம் மத்தியானம் மலைக்கு அந்தப் பக்கம் மறுபடி தெரிந்தது. முதல்முறை ஆச்சரியப்பட்டேன், மூன்றாம் முறை அலுத்துவிட்டது.

சாப்பாட்டுக்கு ஆற்றோரத்து பெஞ்சில் உட்கார்ந்தோம். அக்கா புட்டும் கத்தரிக்காய்க் கறியும் கட்டி வந்திருந்தார். எனக்குப் போதும் என்றேன். வைத்தார். ஐயோ போதும் என்றேன். இன்னும் வைத்தார். எங்கள் கட்டடத்தில் அவரிடம் போதும் என்று சொல்லித் தப்பித்தவர் எவரும் இல்லை. அதே போல அவருக்கு ஒன்று கொடுப்பதும் லேசில்லை. காப்பி குடிக்கிறீர்களா என்றால் வேண்டாம் என்பார். மறுபடி கேட்டால் உமக்கேன் கரைச்சல், வீண் சிரமம் என்பார். மூன்றாவதாகக் கேட்காமலே போட்டுக் கொடுத்தால் ரசித்துக் குடிப்பார். எங்கள் பக்கத்திலும் இதுதான் வழக்கம் என்பதால் எனக்குக் கஷ்டமில்லை.

மூன்றாம் நாள் அந்த ஊர் வந்தது. அன்று காலை விடுதியில் அக்கா ஒரு வாய் கூடச் சாப்பிடவில்லை. வீட்டின் படத்தைப் போனில் வைத்திருந்தார், ஒவ்வொரு வாசலாக ஒப்பிட்டுக்கொண்டே சைக்கிளைத் தள்ளினார். ஒரு பெரிய மரக் கதவுக்கு மேல் பச்சைக் கொத்து ஒன்று கட்டித் தொங்கியது. அப்படிக் கொத்து கட்டியிருந்தால் அந்த வீட்டு முற்றத்தில் இன்று வைனும் சாப்பாடும் உண்டு, யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அர்த்தம்.

“எங்க ஊர்ல வாசல்ல இப்படிக் கொத்து சொருகினா வீட்ல யாருக்கோ அம்மை போட்டிருக்குன்னு அர்த்தம்” என்றேன்.

“சும்மா இரும் தங்கச்சி. நெஞ்சு அடிக்குது.”

உள்ளே நீள நீள மேசைகள், முன்பின் தெரியாதவர்கள் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்கும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். ஏப்ரன் கட்டிய ஓர் அம்மா வந்தார். அக்கா ரயிலில் போனில் காட்டிய கல்யாணப் படத்தில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்றவர். “என்ரை சம்பந்தி” என்று அக்கா என் காதில் முணுமுணுத்தார். அந்த அம்மாவுக்கு இவர் யாரென்று தெரியாது.

நான் திராட்சைச் சாறு கேட்டேன். அக்கா “நைன், டாங்கே” என்றார். வேண்டாம், நன்றி. அந்த அம்மா விடவில்லை, கையிலிருந்த தட்டை நீட்டினார். காலையில் செய்த பிளம் கேக், காசு வேண்டாம், நீங்கள் தூரத்திலிருந்து வந்திருக்கிறீர்கள், ஒரு துண்டு எடுங்கள் என்றார். அக்கா வெட்கச் சிரிப்புடன் மறுபடி “நைன், டாங்கே” என்றார். அந்த அம்மாவும் சிரித்துத் தலையாட்டிவிட்டு, தட்டோடு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

அக்காவின் முகம் விழுந்துவிட்டது. “பாத்தீரே? ஒரு சொல்லு வற்புறுத்தினவவே? என்ரை பிள்ளை இந்த வீட்டிலை எப்பிடிச் சாப்பிடுறாளோ.”

முப்பது வருஷம் இந்த நாட்டில் இருக்கிறவருக்கு இது தெரியாதா? வேலையிடத்தில் நன்றாகத் தெரியும். அங்கே யாராவது கேக் வேண்டுமா என்றால் முதல் கேள்விக்கே “யா” என்று கையை நீட்டுவார், ஒருமுறை அங்கே போனபோது நானே பார்த்திருக்கிறேன். சொந்தம் என்று வந்தவுடன் படித்ததெல்லாம் மறந்துபோகிறது.

அப்போதுதான் மகள் சமையலறையிலிருந்து தட்டுகளோடு வந்தாள். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் நின்றாள். பிறகு தட்டுகளைக் கொடுக்க வேண்டிய மேசையில் கொடுத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“அம்மா. எப்பிடி வந்தனீங்கள்?”

“சைக்கிள்ளை.”

“சைக்கிள்ளையோ?” சிரிப்பு வரப் பார்த்தது, வரவில்லை. “அப்பா சுகமா இருக்கிறாரோ?”

“ஓம். நீ மெலிஞ்சு போனாய்.”

“அறுவடை நேரம் அம்மா, நிக்க நேரமில்லை.” கொஞ்சம் தயங்கினாள். “இண்டைக்கு இஞ்சை நிக்கிறியளே? மேலை ஒரு அறை கிடக்கு.”

“சீச்சீ, வேண்டாம் பிள்ளை. உங்களுக்கேன் கரைச்சல். நாங்கள் வெளிக்கிடவேணும்.”

நான் மேசைக்கு அடியில் அக்காவின் காலை மிதித்தேன். அவர் அசையவில்லை. மகள் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். பிறகு “சரி அம்மா” என்றாள். ஒரு மேசையில் யாரோ கூப்பிட்டார்கள், போனாள்.

அக்கா சிரித்த முகத்தோடு எழுந்தார், அதே சிரிப்போடு ஹெல்மெட் மாட்டினார், அதே சிரிப்போடு ஊர் எல்லை வரைக்கும் ஓட்டினார். ஊரைத் தாண்டியதும் எனக்குப் பொறுக்கவில்லை. சைக்கிளை நிறுத்திக் கத்தியே விட்டேன்.

“என்ன அக்கா நீங்க! அவ ரூம் இருக்குன்னு சொல்றா, நீங்க வேண்டாம்னு சொல்றீங்க! அவ இங்கேயே பிறந்து வளர்ந்த பொண்ணு. நீங்க வேண்டாம்னா அவளுக்கு வேண்டாம்தான்! உங்களுக்குத் தன்னைப் பிடிக்கலைன்னுதான் அவ நினைப்பா. போன வருஷமும் அதைத்தான் நினைச்சிருப்பா!”

“நீர் பேசாமல் இரும். என்ரை பிள்ளையைப் பற்றி நீர் எனக்குச் சொல்லவேண்டாம்.”

குரல் கிழிந்து வந்தது. பேட்டரியை முழு வேகத்தில் வைத்து முன்னால் போய்விட்டார். போனால் போகட்டும் என்று விட்டேன். ஊரான் குடும்ப விவகாரத்தில் மூக்கை நுழைத்தால் இப்படித்தான். அடுத்த வளைவில் பார்த்தால் பாதை நடுவே நிற்கிறார். கன்னமெல்லாம் ஈரம். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. சைக்கிளைத் திருப்பி, என்னைத் தாண்டி, வந்த வழியே போனார். பேட்டரியோடு போட்டிபோட என்னால் முடியுமா? மூச்சுவாங்கப் பின்னால் மிதித்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் சைக்கிள் வாசலில் குப்புறக் கிடந்தது. முற்றத்தில் இன்னும் கூட்டம். மகள் எச்சில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அக்கா ஹெல்மெட்டோடு அவள் முன்னால் போய் நின்றார்.

“என்னம்மா, ஏதும் விட்டிட்டுப் போட்டியளே?”

“இல்லை. நான் இண்டைக்கு இஞ்சை நிக்கப்போறன். மேலை அறை கிடக்கெண்டு சொன்னனீ.”

“அப்பா?”

“அவருக்கு நான் சொல்லுறன்.”

மகள் தட்டுகளைப் பிடித்தபடி நின்றாள். ஏப்ரன் கட்டிய அம்மா சமையலறை வாசலுக்கு வந்து என்ன விஷயம் என்று பார்த்தார்.

“எனக்குப் பசிக்குது பிள்ளை” என்றார் அக்கா. “காலமையிலையிருந்து ஒண்டும் சாப்பிடேல்லை.”

மகள் கையிலிருந்த எச்சில் தட்டுகளை, யாரோ இருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேசையில் அப்படியே வைத்துவிட்டாள்.

“சோறு இல்லையம்மா” என்றாள். “உருளைக்கிழங்குதான் அவிச்சிருக்கு.”

“அதைத் தா.”