தொடையிலிருந்து கணுக்காலுக்கு

மேனாம்பேடு திருப்பத்தில் ஒரு தண்ணீர் லாரி என் ஸ்கூட்டியைச் சாய்த்து, இடது கணுக்காலின் மேல் ஏறி இறங்கியது. அப்போது நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். நாள் முழுக்கத் தையல் மெஷின்களுக்கு நடுவே நடந்துகொண்டே இருக்கும் வேலை. உட்கார வைத்தால் எனக்குக் கை கால் பரபரக்கும்.

எலும்பைக் கம்பி வைத்துச் சரிசெய்துவிட்டார்கள். தோல்தான் போய்விட்டது. கட்டு மாற்றும்போது ஒருமுறை எட்டிப் பார்த்தேன். உள்ளே வெள்ளையாக எலும்பு தெரிந்தது.

பிளாஸ்டிக் சர்ஜன் என்னைவிட வயதில் சின்னவர். "வெறும் தோலை ஒட்டினா எலும்பு மேல பிடிக்காதும்மா. தொடையிலேருந்து தோல், கொழுப்பு, அதுக்கு ரத்தம் கொடுக்கிற குழாய், எல்லாத்தையும் ஒரே துண்டா எடுத்து இங்க வைப்போம். அந்தக் குழாயைக் கணுக்கால் குழாயோட சேர்த்துத் தைப்போம்."

"எவ்ளோ மெல்லிசு நூல் மேடம்?"

அவர் சிரித்தார். "தலைமுடியை விட மெல்லிசு. மைக்ராஸ்கோப்ல பார்த்துத்தான் தைக்கணும்."

ஆபரேஷன் முடிந்ததும் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்து, அசையக் கூடாது என்றார்கள். நர்ஸ் மணிக்கொரு முறை வந்து ஒட்டிய இடத்தைத் தொட்டு, அமுக்கி, சூடு பார்த்துவிட்டுப் போவார். இடையில் இருக்கும் நேரமெல்லாம் நானே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை எடுத்தால் ஏதோ ஆகிவிடும் போலிருந்தது.

ஆட்டோ ஓட்டும் என் வீட்டுக்காரர் சவாரியை விட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருந்தார். "இன்னாமே, அதையே மொறைச்சிகினு கீறே? கொஞ்சம் கண்ண மூடு."

இரண்டாம் நாள் மதியம் ஓரத்தில் நிறம் மாறுவதைக் கண்டேன்.

"கலர் மாறுது. நாவப்பழம் மாரி கீது. சிஸ்டர இட்டுகினு வா."

"இப்பதானே பாத்துட்டுப் போச்சு அந்தப் பொண்ணு?"

"ரெண்டு ரோல் துணில கலர் லேசா மாறினாலே எனக்குத் தெரியும். போ."

அவர் போனார். நர்ஸ் ஊசியால் லேசாகக் குத்திப் பார்த்ததும் கறுப்பாக ரத்தம் வந்தது. உடனே சர்ஜனுக்குப் போன் செய்தார். பத்து நிமிடத்தில் சர்ஜன் வந்துவிட்டார்.

"உள்ள போற ரத்தம் திரும்பி வர்ற வழி அடைச்சிருக்கு. உடனே திறந்து பார்க்கணும்."

"இது போச்சுன்னா இன்னொரு தொடையா மேடம்?"

"அது இருக்கு. முதல்ல இதைக் காப்பாத்துவோம்."

ஸ்ட்ரெச்சரைத் தள்ளும்போது வீட்டுக்காரர் என் கையை விடவேயில்லை. தியேட்டர் கதவருகே நர்ஸ்தான் பிரித்துவிட்டார்.

குழாயில் இருந்த ரத்தக்கட்டியை எடுத்துவிட்டு மறுபடி தைத்தார்கள். கண் விழித்ததும் எனக்கு முதலில் கேட்டது வீட்டுக்காரர் குரல்தான். "செவப்பா கீது. நல்லா கீது. நானே பாத்தேன்."

ஐந்து மாதம் கழித்து வேலைக்குப் போனேன். கணுக்கால் இன்னும் தடிமனாகத்தான் இருக்கிறது. தொட்டால் உணர்வு கிடையாது, கொசு கடித்தாலும் தெரியாது. போன வருடம் உடம்பு போட்டபோது, தொடைக் கொழுப்பாயிற்றே, அதுவும் கூடவே பருத்தது. சர்ஜனிடம் சொன்னேன். சின்ன ஆபரேஷன் செய்து குறைக்கலாம் என்றார்.

மறுபடி படுத்துக் கிடக்க என்னால் முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.